ஊழும் வழக்கும்

தைப்பூசத்துக்கு முதல் நாள் தண்ணீர்மலையை நோக்கிப் புறப்படும் வெள்ளி ரதம், சிதறுதேங்காய்களின் வெள்ளத்தில் மெல்ல மெல்ல நீந்தி வரும் வழிகளுள் டத்தோ கிராமாட் சாலையும் ஒன்று. கிராமாட் என்ற சொல் அரபு மொழியில் பிறந்து மலாய் மொழியில் குடியேறியது; புண்ணிய புருஷர் ஒருவரிடம் விளங்கும் அருளாற்றலையும், அவர் அடங்கிய இடத்தின் புனிதத்தையும் ஒருங்கே குறிப்பது. மலாய்ப் பெரியவர் ஒருவரின் பெயரைத் தாங்கிய சாலையில் முருகப்பெருமான் பவனி வருவதைப் பினாங்கு மக்கள் எவரும் அதிசயமாக எண்ணுவதில்லை. அதிசயப்படாமலிருப்பதே இவ்வூரின் நாகரிகம். அதே சாலையில் முன்னொரு காலத்தில் வெள்ளீயம் உருக்கும் பெரிய ஆலை ஒன்று புகை கக்கிக்கொண்டிருந்தது. மண்ணோடு கலந்து வந்த தாதுவில் உண்மையான ஈயம் எவ்வளவு என்று சோதித்து விலை போடும் தொழில் நடந்த அந்த இடத்தில் இப்பொழுது பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் எழுந்து நிற்கிறது. ஈயத்தைச் சோதித்த காலம் போய், இந்த வட்டாரத்தில் இன்று மனிதரின் இரத்தத்தைச் சோதிக்கிறார்கள்.

பாடாங் பிரவுன் திடலுக்கு அருகே அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கும் என் நண்பர், துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சரக்குப் பட்டியலில் ஓர் இலக்கம் பிறழ்ந்தால் ஒரு கப்பலே காத்துக் கிடக்க நேரும் என்பதை அனுபவத்தால் அறிந்தவராதலால், எண்களிடத்தில் அவருக்கு ஏறத்தாழ பக்தி என்றே சொல்லத்தக்க மரியாதை உண்டு. அவர் வருஷத்துக்கு ஒரு முறை செய்துகொள்ளும் இரத்தப் பரிசோதனையின் முடிவு ஒரு நாள் வந்தது. கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருள் நூறைச் சுற்றி இருக்கவேண்டிய இடத்தில் அறுநூற்றைத் தாண்டி நின்றது. சிறுநீரகம் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது என்பது அதன் பொருள். அன்று முதல் அவர் உப்பை விட்டார். பிற்பகல் தேத்தண்ணியை விட்டார். வீட்டுப் பத்திரங்களை எடுத்து மகள் கையில் கொடுத்தார். டயாலிசிஸ் செய்துகொள்வோரைத் தேடிப்போய், ஊசி குத்திய கைகளைக் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு வந்தார். மூன்று வாரம் கழித்து, மகளின் பிடிவாதத்தால் பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தபொழுதுதான், அவருடைய சிறுநீரகத்துக்கு வயதுக்குரிய தேய்வைத் தவிர வேறு குறையொன்றும் இல்லை என்பது வெளிப்பட்டது. முருகனின் திருநாமங்களுள் ஒன்றே அவர் பெயர். பினாங்கில் அந்தப் பெயருடையவர்களைத் திரட்டினால் ஒரு காவடிக் கூட்டமே சேர்ந்துவிடும். ஆய்வகத்தாரைக் கேட்டதற்கு, அதே நாளில் அதே பெயருடைய இன்னொருவரும் வந்திருந்தார் என்றும், குப்பியில் ஒட்டிய சீட்டு மாறியிருக்கலாம் என்றும் சொல்லி, "சோரி" என்ற ஒற்றைச் சொல்லோடு விஷயத்தை முடித்துக்கொண்டார்கள்.

மகள் கொதித்தாள். "அப்பா, இதைச் சும்மா விடக்கூடாது. வக்கீலைப் பார்ப்போம்" என்றாள்.

"ஏம்மா, மூணு வாரம் இப்படித் தவிக்கணும்னு என் தலையில எழுதியிருந்தது. தண்ணீர்மலையான் காப்பாத்திட்டான். அந்தப் பிள்ளைங்க மேல கேஸ் போட்டு இன்னும் எதுக்குப் பாவத்தைச் சேர்த்துக்கணும்?" என்றார் நண்பர். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க, ஐயா. எல்லாம் ஊழ்னு நம்புறவன் வழக்குப் போடலாமா?" என்று கேட்டார்.

மத்தியஸ்தம் செய்யப் போனவன் வினாவுக்கு விடை சொல்லவேண்டியவனாகிவிட்டேன். இவ்வினாவை என் நண்பர் ஒருவரே கேட்பதாக நான் நினைக்கவில்லை. நம் மக்களிடையே மருத்துவத்தால் தீங்குற்றவர்களில் பெரும்பாலோர் நீதிமன்றத்தின் பக்கம் தலை வைத்துப் படுக்காததற்குப் பணமின்மையும் பயமும் காரணங்கள்தாம். எனினும் அவற்றுக்கு அடியில், துன்பத்தைத் தந்தவன் ஆண்டவனாயிருக்க அதற்கு மனிதனை விசாரிப்பது அவிசுவாசம் என்ற எண்ணமும் மௌனமாகக் கிடக்கிறது.

ஊழைப் பற்றிப் பேசுமுன், ஆய்வகத்திலிருந்து வரும் தாள் எத்தகைய அறிவை நமக்குத் தருகிறது என்று பார்ப்பது நலம். பிரமாணம் என்று வடமொழியாளர் சொல்வதை அளவை என்று தமிழில் சொன்ன நம் முன்னோர் சைவ சித்தாந்தத்தில் காட்சி, கருதல், உரை என்று மூன்றைச் சிறப்பாக எடுத்துக்கொண்டார்கள். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் முதலிற் பேசப் புகுவதே இந்த அளவைகளைப் பற்றித்தான். கண்ணால் காண்பது காட்சி. புகையைக் கண்டு நெருப்பை உணர்வது கருதல். நாமாகக் காணவும் கருதவும் இயலாதவற்றை நம்பத்தக்கவன் வாய்மொழியால் அறிவது உரை. இரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்பதை எவரும் கண்ணால் கண்டதில்லை. ஆய்வகத்தில் இருப்பவர் கருவியின் நிறமாற்றத்தையும் மின்னசைவையும் கொண்டு அதைக் கருதி அறிகிறார். ஆகவே அவருக்கு அது அநுமானம். தாளைக் கையில் வாங்கும் நோயாளிக்கோ காட்சியும் இல்லை, கருதலும் இல்லை. அவருக்கு அது முழுக்க முழுக்க உரை, ஆப்த வாக்கியம். தன் உடம்பைப் பற்றித் தன் உடம்பே சொல்லாத ஒன்றை முன்பின் அறியாத ஒருவர் எழுதித் தர, அதைத் தன் உணர்வைக் காட்டிலும் மேலாக நம்பி உப்பையும் தேத்தண்ணியையும் துறக்கிறான் மனிதன். வேதத்துக்கும் ஆகமத்துக்கும் கொடுத்த நம்பிக்கையின் ஒரு பங்கை இந்த நூற்றாண்டு ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

தமிழில் உரை என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: பொன்னைக் கல்லில் தேய்த்து மாற்று அறிவதும் உரைத்தலே. சொல்லுதல், சோதித்தல் ஆகிய இரண்டையும் ஒரே ஓசையில் அடக்கிய மொழி, உரைத்துப் பாராமல் உரைக்கக்கூடாது என்பதைச் சொல்லாமலே சொல்லிவைத்தது போலும்.

உரைத்துப் பார்த்தாலும் பிழை நேர்வதுண்டு என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயிரம் பேரில் ஒருவருக்கே உள்ள ஒரு நோயை, நூற்றுக்கு ஒரு முறை மட்டுமே தவறும் சிறந்த சோதனையால் அந்த ஆயிரம் பேரிடமும் தேடினால், நோயற்ற 999 பேரில் சுமார் 10 பேரை அது நோயாளிகள் என்று சொல்லும். உண்மையான நோயாளியையும் சேர்த்து அப்படிச் சொல்லப்பட்ட 11 பேரில் 10 பேருக்கு நோயே இல்லை. இதில் எவர் குற்றமும் இல்லை. அளவையின் இயல்பே அது. ஐயம், திரிவு என்னும் குற்றங்கள் நீங்கிய காட்சியே அளவையாகும் என்று சித்தாந்திகள் வற்புறுத்தியது இந்த எச்சரிக்கையினால்தான். ஒரு சோதனையை மறு சோதனையால் உறுதிப்படுத்தாமல் நோயாளியிடம் பெரிய வார்த்தை எதையும் சொல்லக்கூடாது என்று நல்ல மருத்துவர்கள் வைத்திருக்கும் நியமமும் இதன்பாற்பட்டதே.

சீட்டு மாறுவது இந்த வகையைச் சேர்ந்ததன்று. இத்தாலியில் பதுவா நகரத்து மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் நிகழ்ந்த பிழைகளை எண்ணிப் பார்த்த இரு ஆராய்ச்சியாளர் 1997இல் தம் கணக்கை வெளியிட்டனர். 40,490 சோதனைகளில் 189 பிழைகள். அவற்றில் நூற்றுக்கு 68 வீதம், இரத்தம் கருவிக்குள் போகுமுன்பே நிகழ்ந்தவை. கருவியின் முன் நேர்ந்தவை 13 வீதத்துக்குச் சற்று மேல்தான். ஆளை மாற்றிக் குத்துவது, குப்பியை மாற்றி நிரப்புவது, கையைக் கட்டிய பட்டையை நேரத்தில் அவிழ்க்காதது, குலுக்கிய குலுக்கலில் செவ்வணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறுவது என்று, விஞ்ஞானம் தலையிடுவதற்கு முன்னாலேயே மனிதக் கை செய்துவிடும் காரியங்கள் அவை. நுண்மையான இயந்திரத்துக்குக் கோடி ரிங்கிட் செலவிடும் யுகம், "உங்கள் ஐ.சி. எண் என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்பதில் கஞ்சத்தனம் காட்டுகிறது.

கவனமின்மைக்கு வடமொழியில் பிரமாதம் என்று பெயர். தமிழ்ப் பேச்சு வழக்கில் அந்தச் சொல் எப்படியோ திசை மாறி, சிறப்பு என்ற பொருளில் வந்து உட்கார்ந்துவிட்டது. பளபளக்கும் ஆய்வகங்களைப் பார்த்துவிட்டு வருவோர் "பிரமாதம்" என்று சொல்லும்போது, எந்த மொழியில் சொல்கிறார்கள் என்று எனக்குச் சில சமயம் சந்தேகம் வருவதுண்டு.

இனி ஊழுக்கு வருவோம். ஊழைப் பற்றிய நம்பிக்கையைத் தமிழர் நெஞ்சில் ஆழப் பதித்த காவியம் சிலப்பதிகாரம். ஊழ்வினை தன் பயனை ஊட்டியே தீரும் என்பதைத் தன் நோக்கங்கள் மூன்றனுள் ஒன்றாகத் தானே சொல்லிக்கொள்ளும் காவியம் அது. அதன் நடுவே நிற்பதும் ஒரு பரிசோதனைப் பிழையே என்பதை நாம் கவனிப்பதில்லை. அரசியின் சிலம்பினுள் இருந்தவை முத்துப் பரல்கள். கண்ணகியின் சிலம்பினுள் இருந்தவை மாணிக்கப் பரல்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருந்த இரண்டையும் வேறு பிரிக்கும் சோதனை மிகவும் எளிது. உடைத்துப் பார்த்தால் போதும். பாண்டியன் அதைச் செய்யவில்லை. பொற்கொல்லன் சொன்ன உரையை, அவன் ஆப்தனா என்று ஆராயாமல், அந்தப்புரத்துக்குப் போகும் அவசரத்தில் ஏற்றுக்கொண்டான். ஒரே மாதிரியான இரண்டு குப்பிகள், மாறிப்போன ஒரு பெயர், கேட்கப்படாத ஒரு கேள்வி: கோவலன் உயிர் போயிற்று.

கோவலன் இறந்தது முற்பிறவி வினையாலா? ஆம் என்றே காவியம் சொல்கிறது. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்பவனாகக் கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் இருந்தபொழுது, வாணிகம் செய்ய வந்த சங்கமன் என்பவனைப் பகைநாட்டு ஒற்றன் என்று அரசனிடம் பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். அவன் மனைவி நீலி இட்ட சாபமே இப்பிறப்பில் வந்து பலித்தது. இந்தக் கதையிலும், ஆராயப்படாத ஓர் அறிக்கையே ஒருவனைக் கொன்றது என்பதைக் கவனித்தால், இளங்கோவடிகளின் மனத்தில் எந்தப் பாவம் பெரும் பாவமாக நின்றது என்பது விளங்கும். அதனினும் முக்கியமானது, இந்தக் கதை எப்பொழுது, யாரால், யாருக்குச் சொல்லப்படுகிறது என்பது. மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்னால் வந்து இதைச் சொல்லும் கட்டுரை காதையை எடுத்துப் பார்த்தால், அதற்கு முன்பே கண்ணகி அரசவை ஏறி வழக்குரைத்துவிட்டாள், சிலம்பு உடைந்துவிட்டது, மாணிக்கம் தெறித்துவிட்டது, பாண்டியன் தானே கள்வன் என்று கூறி அரியணையிலிருந்து வீழ்ந்துவிட்டான், மதுரையும் எரிந்துகொண்டிருக்கிறது. ஊழ் என்னும் விளக்கம் தீர்ப்புக்குப் பிறகே வருகிறது. அரண்மனை வாயிலில் நின்ற காவலன், தலைவிரி கோலமாய் ஒற்றைச் சிலம்பேந்தி வந்தவளைப் பார்த்து, "அம்மா, இது உன் புருஷனின் பூர்வ ஜன்ம வினை, வீட்டுக்குப் போ" என்று சொல்லவில்லை. அவன் சொல்லாததுதான் அந்தக் காவியத்தின் தர்மம். நாமோ இன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சித்தாந்தத்தின் வழியில் பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது. இப்பிறவியில் நான் அனுபவிக்கும் துன்பம் என் பிராரத்தம் என்றே கொள்வோம். அந்தத் துன்பம் என்னை வந்தடைய வாயிலாக நின்றவன், தன் கடமையில் அசட்டையாக இருந்தானானால், அந்த அசட்டை அவனுடைய ஆகாமியம். புதிதாக அவன் கணக்கில் ஏறும் வினை. என் பழங்கணக்கு தீர்வதால் அவன் புதுக்கணக்கு அழிந்துபோவதில்லை. ஒரு செயலுக்கு இரண்டு பேரேடுகள் உண்டு என்பதை மறந்து, பாதிக்கப்பட்டவனின் பேரேட்டை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு, மற்றதைக் கட்டிப் பரணில் போடுவது சமயமாகாது. சௌகரியம் என்றே அதற்குப் பெயர். அந்தச் சௌகரியம் எப்போதும் பிழை செய்தவனுக்கே உரியதாயிருப்பதையும் நோக்க வேண்டும்.

கண்ணகி வழக்குரைத்த அதே மதுரையில் நம் காலத்திலும் ஒரு வழக்கு நடந்தது. காராச்சேவுக்குப் பேர்பெற்ற சாத்தூரில், அரசு மருத்துவமனையில், 2018 டிசம்பர் தொடக்கத்தில், இரத்தசோகையுற்றிருந்த கர்ப்பிணி ஒருவருக்கு இரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து, சோதிக்கப்பட்டது என்ற பெயரோடு வந்த அந்த இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. கொடுத்தவர் இருபது வயதும் நிரம்பாத இளைஞர். உறவினர் ஒருவருக்கு உதவும் பொருட்டுக் கொடுத்தவர். 2016இல் அவர் இரத்ததானம் செய்தபொழுதே கிருமி இருப்பது தெரிந்திருந்தும் அச்செய்தி அவரை எட்டவில்லை என்று பின்னர் வெளிவந்தது. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் அவர் தம் நிலையை அறிந்தார். அறிந்தவுடன், தாம் கொடுத்த இரத்தம் யாருக்கும் போய்விடக்கூடாதே என்று தாமாகவே சென்று தெரிவித்தார். அதற்குள் அது இரண்டு உயிர்களைத் தாங்கிய ஓர் உடலுக்குள் போய்விட்டிருந்தது. அவ்வாண்டு முடியுமுன்னே, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முனைந்த அந்த இளைஞர், மதுரை அரசு மருத்துவமனையில் இறந்தார். 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது.

இச்சம்பவத்தில் யாருடைய ஊழை யார் பேசுவது? ஆய்வகத்தின் இரண்டு மௌனங்களுக்கு இடையில் அகப்பட்டு, தனக்குச் செய்யப்பட்ட அநீதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுமுன் தன்னால் இன்னொருவருக்கு நேரக்கூடிய தீங்கைத் தடுக்க ஓடிய அந்தப் பிள்ளையைக் காட்டிலும் பெரிய தர்மிஷ்டனை நான் சமீப காலத்துச் செய்திகளில் கண்டதில்லை. "யானே கள்வன்" என்று பாண்டியன் சொன்ன சொல்லைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் வேறு சிலர், சொன்னவனோ கள்வனல்லாதவன்.

அங்கே முதலில் எடுக்கப்பட்ட நடவடிக்கை, கடைநிலையில் இருந்த ஆய்வக ஊழியர் சிலரை வேலையிலிருந்து நீக்கியது. அவர்கள் மீது குற்றமில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் தேர் கன்றின் மேல் ஏறியபொழுது, தேர்ச்சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நீதி வழங்கியதாக யாரும் பெயர் வாங்கவில்லை. பெரியபுராணத்தின் தொடக்கத்திலேயே சேக்கிழார் அந்தக் கதையை வைத்திருக்கிறார். இளவரசன் அறிந்து செய்யவில்லை. கன்று எங்கிருந்தோ துள்ளி வந்து விழுந்தது. இன்றைய வழக்கறிஞன் கையில் அது எளிதில் வெல்லக்கூடிய வாதம். அமைச்சர்களும் சாஸ்திரப்படி ஒரு பிராயச்சித்தம் செய்தால் போதும் என்றார்கள். அரசன் உடன்படவில்லை. பிராயச்சித்தம் பிழை செய்தவனைப் பார்ப்பது. அரசன் பார்த்ததோ மணியை இழுத்துவிட்டு நின்ற பசுவை. மகனைத் தேர்க்காலில் இட்டதை நம் காலத்தவர் பின்பற்ற முடியாது, பின்பற்றவும் வேண்டாம். இழந்தவளின் துயரத்திலிருந்து நீதியை அளக்கத் தொடங்கிய அந்தத் திசையே நமக்கு வேண்டுவது. இழப்பீட்டுச் சட்டம் என்று நாம் இன்று அழைப்பது அந்தத் திசையில் மெல்ல நடந்துவரும் ஒரு சிறு வண்டி.

அந்த வண்டி மலேசியாவில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை நண்பரின் மகளுக்காக வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் விசாரித்தேன். இந்தியாவில் 1995இல் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று தீர்த்துவிட்டபடியால், அங்கே கட்டணம் கொடுத்த நோயாளி நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் தட்டலாம். நம் நாட்டின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமோ மருத்துவ சேவையைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. கெட்டுப்போன குளிர்பதனப் பெட்டிக்கு எளிய நடுவர் மன்றம் உண்டு, மாறிப்போன இரத்தத்துக்கு இல்லை. ஆய்வகங்களை ஒழுங்குபடுத்த 2007இல் நோயியல் ஆய்வகச் சட்டம் நிறைவேறியும், அமலுக்கு வராமலே ஆண்டுக்கணக்கில் உறங்கியது. தனியார் மருத்துவ நிலையங்களைப் பற்றிய 1998ஆம் ஆண்டுச் சட்டம், நோயாளியின் குறையைக் கேட்டு விசாரிக்க ஒவ்வொரு நிலையமும் ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று விதிக்கிறது. ஆகவே எழுத்து மூலமான புகாரே முதற்படி. அதற்கு மேல் போனால் கவனக்குறைவு வழக்கு. தனியார் மீதானால் பொதுவாக ஆறு ஆண்டுகளுக்குள், அரசாங்கத்தின் மீதானால் 36 மாதங்களுக்குள் தொடுத்தாக வேண்டும். ஊழை நொந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகக் காலவரையறை காத்திருப்பதில்லை. மருத்துவரின் கவனத்தை அளக்கும் கோல், 1957ஆம் ஆண்டு இங்கிலாந்துத் தீர்ப்பொன்றிலிருந்து வந்தது: பொறுப்புள்ள சக மருத்துவர் ஒரு சாரார் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்றால் குற்றமில்லை. நோயாளிக்கு அபாயங்களை எடுத்துச் சொல்லும் கடமைக்கு அந்தக் கோல் போதாது என்று நம் கூட்டரசு நீதிமன்றம் 2006இல் சொன்னது; நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் அதுவே நிற்கும் என்று 2017இல் வரம்பு கட்டியது. எந்தக் கோலால் அளந்தாலும், பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டுவது முறையே என்று சாட்சி சொல்ல வரும் வல்லுநர் சாரார் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

இவ்வளவும் சொன்ன வழக்கறிஞர் நண்பர் கடைசியில் கொஞ்சம் குளிர்ந்த நீரையும் ஊற்றினார். கடமை தவறியதைக் காட்டுவது எளிது. நஷ்டத்தைக் காட்டுவதுதான் கடினம். மருத்துவர் பெயர் சூட்டக்கூடிய மனநோயாக முதிராத வெறும் துயரத்துக்குச் சட்டத்தில் விலை மிகக் குறைவு. மூன்று வாரம் உப்பில்லாமல் சாப்பிட்டதையும், பத்திரங்களை எடுத்துக் கொடுத்த இரவையும் லைட் ஸ்திரீட் நீதிமன்றத்தில் எந்தத் தராசில் வைப்பது? முதலில் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போய் யோசனை கேளுங்கள் என்றார். 1969இல் தொடங்கிய அச்சங்கத்தை, தமிழகத்திலிருந்து வந்து இங்கே வேரூன்றிய எஸ். எம். முகமது இத்ரிஸ் அவர்கள் 2019இல் மறையும் வரை பல பத்தாண்டுகள் தலைமை தாங்கி நடத்தினார். சாமானியன் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகாது என்பதை இந்தத் தீவுக்குக் கற்றுக்கொடுத்தவர்களுள் அவர் முன்னணியில் நிற்பவர்.

இவற்றையெல்லாம் நான் சொல்லக் கேட்ட பிறகும் நண்பர் அசையவில்லை. "சிலம்பு கதையெல்லாம் சரிங்கய்யா. ஆனா பொறுத்துப் போறதும் தர்மந்தானே? எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே" என்றார். பொறையுடைமை பெரிய அறம் என்பதை யார் மறுப்பார்? தனக்குத் தீங்கு செய்தவனை மன்னிக்க ஒருவனுக்கு உள்ள உரிமை, வழக்குத் தொடுக்கும் உரிமையைக் காட்டிலும் உயர்ந்தது என்றே நானும் கருதுகிறேன். சிறிது நேரம் எனக்கும் பதில் தோன்றவில்லை. மேசையின் மேல் அந்த இரண்டு தாள்களும் பக்கத்துக்குப் பக்கம் கிடந்தன; ஒன்று ஆய்வகத்துத் தாள், மற்றது பெரிய ஆஸ்பத்திரித் தாள். அறுநூற்றைத் தாண்டிய அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தபொழுது, அது பொய்யான எண் அல்ல என்பது திடீரென்று உறைத்தது. அது யாரோ ஒருவருடைய இரத்தத்தில் உண்மையாகவே இருந்த எண்.

"உங்களுக்கு வந்தது அவர் தாள் என்றால், அவர் கையில் இருப்பது உங்கள் தாள்" என்றேன்.

நண்பர் பேசவில்லை. துறைமுகத்தில் முப்பது வருஷம் சரக்குப் பட்டியல் பார்த்தவர். ஒரு பெட்டி தவறான கப்பலில் ஏறினால் சரியான கப்பலில் ஒரு பெட்டி குறையும் என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கோ இந்தத் தீவில், அவர் பெயரையே தாங்கிய ஒருவர், சிறுநீரகம் நன்றாயிருக்கிறது என்ற தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மூன்று வாரமாக உப்பும் புளியும் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். தன் மூன்று வாரத்தை மன்னிக்க நண்பருக்கு உரிமை உண்டு. அவருடைய மூன்று வாரத்தை மன்னிக்க இவர் யார்?

அவர் எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். மகள் கார் சாவியை எடுத்தாள். வேண்டாம், நடக்கிற தூரந்தான் என்றார். டத்தோ கிராமாட் சாலையின் வெயிலில் மூவரும் நடந்தோம். ஆய்வகத்தின் முகப்பில் இருந்த பெண்ணிடம் அவர் மலாயில் நிதானமாக விஷயத்தைச் சொல்லி, இரண்டு தாள்களையும் நகலோடு கொடுத்து, புகாரை எழுதிக் கையெழுத்திட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் கேட்டு வாங்கினார். அந்தப் பெண் உள்ளே போனாள். மேலாளர் வந்தார், ஏதோ சொல்லத் தொடங்கினார். நண்பர் கையமர்த்தி, நஷ்டஈட்டைப் பற்றிப் பிறகு வக்கீல் பேசுவார், அந்த இன்னொருவருக்கு முதலில் ஃபோன் போடுங்கள் என்றார். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. மகள் குடிக்கத் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தாள். அவர் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மேலாளர் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தபடி, மறுமுனையில் யாராவது எடுக்கும் வரை, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.